கூடுதலாக இரண்டு பட்டை

போன வாரம் என் மனைவியின் தம்பி மகன் சிவகாசியிலிருந்து வந்திருந்தான். புதிதாக ஒரு தார் ஜீப் வாங்கியிருக்கிறான். நண்பர்களோடு மேகமலைப் பக்கம் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவதற்காம். கூரையில் கேரியர், அதன்மேல் கூடாரம், பின்னால் சிலிண்டர், தண்ணீர் கேன், அரிசி, பாத்திரம் என்று பெரிய பட்டியல் வைத்திருந்தான். "மாமா, எல்லாத்தையும் ஏத்தினா பின்பக்கம் உக்காந்துருது. ஸ்பிரிங்கைக் கெட்டியா மாத்திரலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

ஆயுசெல்லாம் ஃபைல் கட்டியவனிடம் ஸ்பிரிங்கைப் பற்றி ஏன் கேட்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது.

1989-ல் இவன் அப்பாவிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போனால் இரண்டு ராத்திரி அங்கேதான் தங்குவோம். அண்டா, அரிசி மூட்டை, தண்ணீர் டிரம், விறகு, ஜமுக்காளம், இதற்கு மேல் ஆட்கள். கரிசல் காட்டு வண்டிப்பாதையில் ஒவ்வொரு வருஷமும் அடி தட்டும். லீவில் வந்திருந்த நான்தான் யோசனை சொன்னேன்: "பின்னாடி ரெண்டு பட்டை கூடச் சேர்த்துருங்க மாப்பிள்ளை." சேர்த்தார். அந்தச் சிவராத்திரிக்கு ஜீப் நிமிர்ந்து போனது. எல்லோரும் என் மூளையை மெச்சினார்கள்.

ஆனிமாதம் என் மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அந்த ஜீப்பில்தான் ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனோம். பாரமில்லாத வண்டி. ஐந்நூறு, அறுநூறு கிலோ ஏற்றினால் மடங்குகிற பட்டை, ஒரு கிழவியின் எடைக்கு மடங்குமா? ஒவ்வொரு பள்ளத்திலும் கட்டைவண்டி மாதிரித் தூக்கிப் போட்டது. "மாப்பிள்ளை, மெதுவாப் போகச் சொல்லுங்க" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

வருஷத்தில் இரண்டு நாளுக்காக மீதி முந்நூற்று அறுபத்து மூன்று நாளைக் கெடுத்தேன். இதுதான் என் கட்சி: வண்டியில் என்றைக்கும் இருக்கிற பாரத்துக்குத்தான் ஸ்பிரிங் போட வேண்டும், என்றைக்கோ ஏற்றுகிற பாரத்துக்கு அல்ல.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆள் போக வில்வண்டி, மூட்டை போகப் பாரவண்டி என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். வில்வண்டியில் யாரும் எரு அடிக்கவில்லை.

காரைக்காலில் எனக்குப் பாடம் எடுத்த பிரெஞ்சு வாத்தியார் ஒரு காரைப் பற்றிச் சொல்வார். சித்ரோவன் கம்பெனியின் 'தெ ஷெவோ', 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் வந்தது. இரண்டு விவசாயிகளும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும், உழுத வயலைக் கடந்தாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது என்பதுதான் அதை வடிவமைத்தவர்களுக்குக் கொடுத்த உத்தரவாம். இளகிய, நீண்டு சுருங்குகிற ஸ்பிரிங் போட்டுத்தான் அதைச் சாதித்தார்கள்.

ஷாக் அப்சார்பருக்குப் பிரெஞ்சில் 'அமோர்த்திஸர்'. சாவு என்ற சொல்லிலிருந்து வந்தது. துள்ளலைச் சாகடிப்பதுதான் அதன் வேலை, பாரம் தாங்குவது அல்ல. வண்டி உட்காருகிறது என்று ஷாக்கை மட்டும் மாற்றிப் பணத்தை விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டாலும் தப்பு. அந்தத் துள்ளலை அதனால் அடக்க முடியாது.

மருமகனிடம் இப்படிச் சொன்னேன். பழைய தாரில் பின்னால் பட்டை, 2020-ல் வந்ததில் சுருள் ஸ்பிரிங். இரும்பு பம்பர், வின்ச், பெட்டி என்று எப்போதும் கழற்றாத பாரம் வைக்கப்போகிறாயா? அப்படியென்றால் அந்த எடைக்கு ஏற்ற சுருளும் அதற்குப் பொருந்தும் ஷாக்கும் போடு. எப்போதாவதுதான் ஏற்றுவாயா? சுருளுக்குள் வைக்கிற காற்றுப் பை கிடைக்கிறது. ஏற்றும்போது காற்றடி, இறக்கினதும் குறைத்துவிடு. எதுவானாலும் செய்வதற்கு முன் இன்ஷூரன்ஸ்காரரையும் ஆர்.டி.ஓ. ஆபீஸையும் கேள். கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. கூட்டிப் பார்! நான்கு பேர் 280 கிலோ. இருபது லிட்டர் கேன் மூன்று 60. வீட்டுச் சிலிண்டர் ஏறக்குறைய 30. கூரைக் கூடாரமும் கேரியரும் 80. அரிசி, பாத்திரம், பெட்டி 40. மொத்தம் 490. வண்டியின் அதிகபட்ச மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்தால் வருவதுதான் உன் உரிமை. ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டி நிமிரும், ஆனால் அந்தக் கணக்கு மாறாது. பிரேக், டயர், அச்சு எல்லாம் பழையதுதானே? அதிலும் கூரையில் ஏறிய பாரம் மலைத் திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும்.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது நமக்கெல்லாம் மனப்பாடம். ஸ்பிரிங்கை எவ்வளவு கெட்டியாக்கினாலும் அச்சு அதே அச்சுதான்.

பையன் சொல்பேச்சு கேட்கிறவன். எல்லாவற்றையும் ஏற்றி, நண்பர்களையும் உட்கார வைத்து, லாரிக்காரர்களுக்கு நடுவில் வரிசையில் நின்று எடைமேடையில் போட்டுப் பார்த்திருக்கிறான். வரம்பைத் தாண்டியிருந்ததாம். வீட்டுச் சிலிண்டருக்குப் பதில் சின்ன அடுப்பு, கூரைக் கூடாரத்துக்குப் பதில் தரையில் விரிப்பது, தண்ணீர் அடிவாரத்தில் பிடித்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. ஸ்பிரிங்கைத் தொடவில்லை.

நேற்று அதே வண்டியில் என் மனைவியை முழங்கால் வலிக்கு டாக்டரிடம் கூட்டிப் போனான். வந்ததும் கேட்டேன், வண்டி எப்படி என்று. "வழியெல்லாம் தூங்கிட்டேன்" என்றாள்.