அவர் உங்களுக்கு என்ன முறை?



சில மாதங்களுக்கு முன், எமக்குத் தெரிந்த ஒருவருக்கு மொழி உதவிக்காக இலண்டனில் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தோம். ஊரிலிருந்து வந்து அவருடன் தங்கியிருக்கும் 12 வயதுப் பையனைப் பற்றிய படிவம் ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தது. பையனின் தாய் தகப்பன் ஊரில்.

"பையனுக்கு நீங்கள் யார்?" என்று அங்கிருந்த பெண்மணி கேட்டார்.

"சித்தப்பா" என்றார் எமது நண்பர். நாம் அதை 'அங்கிள்' என்று மொழிபெயர்த்தோம். படிவத்தில் அப்படியே ஏறியது.

"அப்படியென்றால் நீங்களும் பையனின் தகப்பனும் சகோதரர்களா?"

"ஓம், சகோதரம்தான். என்ரை அப்பாவும் அவரின்ரை அப்பாவும் அண்ணன் தம்பி."

இதையும் மொழிபெயர்த்தோம். பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்படியானால் நீங்கள் அங்கிள் இல்லையே" என்றார். குரலில் கடுமை இல்லை. ஆனால் நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "நான் சித்தப்பன் இல்லையெண்டால் இவனுக்கு ஆர்?" என்று எம்மிடம் கேட்டார்.

அந்தப் பெண்மணியும் பிழை விடவில்லை. நண்பரும் பொய் சொல்லவில்லை. பிழை விட்டவர்கள் நாம்தான். மொழிபெயர்க்க முடியாத ஒரு சொல்லை ஒரே சொல்லில் மொழிபெயர்த்துவிட்டோம்.

எமது முறையில் தந்தையின் சகோதரர்களும் ஒருவகையில் தந்தையரே. மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா. தாயின் சகோதரிகள் பெரியம்மா, சின்னம்மா. இவர்களின் பிள்ளைகள் எமக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. 'ஒன்றுவிட்ட' என்ற சொல் பிறருக்கு விளக்குவதற்கே தவிர, வீட்டில் கூப்பிடுவதற்கல்ல. தந்தையின் ஒன்றுவிட்ட தம்பியும் ஆகவே சித்தப்பாதான். ஆனால் தாயின் சகோதரன் மாமா, தந்தையின் சகோதரி மாமி. அவர்களின் பிள்ளைகள் மச்சான், மச்சாள். ஒரு பக்கம் உடன்பிறப்பு, மறுபக்கம் மணமுறை. ஆங்கிலத்திலோ இரு பக்கமும் 'கசின்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

இந்த ஒழுங்கு உலக அறிஞர்களையும் வியக்க வைத்தது. லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர், நியூயோர்க் மாநிலத்தின் செனெக்கா பழங்குடி மக்கள் தந்தையின் சகோதரனையும் தந்தை என்றே அழைப்பதைக் கண்டார். வேறு எங்கெல்லாம் இப்படி உண்டு என்று அறிய உலகின் பல பாகங்களுக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பினார். அமெரிக்க மிசனரிமார் மூலம் அவருக்குக் கிடைத்த தமிழ் உறவுப் பெயர்கள், செனெக்கா முறையுடன் பெருமளவு ஒத்திருந்தன. 1871இல் அவர் வெளியிட்ட பெருநூல்தான் மானிடவியலில் உறவுமுறை ஆய்வுக்கு அடித்தளமானது. பெயர்முறை ஒத்திருப்பதை வைத்து இரு மக்களின் மூலத்தையும் இணைத்து அவர் கண்ட முடிபை இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் உறவுப் பெயர்கள் வெறும் அழைப்புச் சொற்கள் அல்ல, ஒரு சமூகத்தின் ஒழுங்கே அவற்றுள் இருக்கிறது என்ற அவரது கருத்து நிலைத்துவிட்டது. எமது முறைக்கு மானிடவியலார் இன்று வழங்கும் பெயர் 'திராவிட உறவுமுறை'.

ஊரில் இந்த ஒழுங்கு சட்டமாகவும் இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரித்ததே உறவை வைத்துத்தான். பங்குக் காணியை விற்பதென்றால் முதலில் பங்குக்காரருக்கு அறிவிக்க வேண்டும். யார் யாருக்கு என்ன முறை என்பது ஊர் முழுவதற்கும் தெரியும். எவரும் படிவம் நிரப்பத் தேவையில்லை.

இங்கே படிவம் நிரப்பத்தான் வேண்டும். இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டம் 'உறவினர்' என்று ஏற்பவர்கள் பாட்டன், பாட்டி, சகோதரர், சகோதரி, பெற்றோரின் உடன்பிறந்தோர், அவர்களை மணந்தோர், மாற்றாந்தாய் அல்லது மாற்றுத்தந்தை ஆகியோர் மட்டுமே. பெற்றோரின் ஒன்றுவிட்ட சகோதரர் இதற்குள் வரமாட்டார். பெற்றோரின் மாமியும் வரமாட்டார். 16 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளையை (பிள்ளை வலதுகுறைந்தவர் என்றால் 18 வயது) இப்படியான ஒருவர் 28 நாட்களோ அதற்கு மேலோ வைத்துப் பராமரிப்பதானால், அதற்கு 'பிரைவேட் ஃபொஸ்டரிங்' என்று பெயர். கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டியது கட்டாயம். பிள்ளை வர 6 கிழமைக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். திடீரென வந்துவிட்டால் உடனடியாக. அறிவிக்காமல் விடுவது குற்றம்.

"எங்கட பிள்ளையை நாங்கள் வளர்க்க ஏன் கவுன்சிலைக் கேட்க வேணும்?" என்று சிலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறோம். கோபம் விளங்குகிறது. ஆனால் ஒன்றை நினைவில் வைப்போம். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில், இதே இலண்டனில், விக்டோரியா கிளிம்பி என்ற 8 வயதுச் சிறுமி கொடுமைப்படுத்தப்பட்டு இறந்தாள். ஐவரி கோஸ்ட்டிலிருந்து நல்ல படிப்புக்கென்று பெற்றோர் அவளை ஒப்படைத்தது அந்நியரிடம் அல்ல, தந்தையின் அத்தை முறையான பெண்ணிடம். உறவு என்ற சொல்லை நம்பித்தான் அனுப்பினார்கள். அந்தச் சம்பவத்தின் பின் 2003இல் வெளிவந்த லாமிங் பிரபுவின் அறிக்கை, இந்நாட்டின் பிள்ளைகள் பாதுகாப்பு முறையையே மாற்றியது. எமது பிள்ளைகளிலும் படிக்க வந்த இடத்தில் வீட்டு வேலைக்காரராகிப்போனவர்கள் இல்லை என்று நாம் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?

ஆகவே பயப்படாமல் அறிவியுங்கள். சமூக சேவையாளர் ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார், பிள்ளையுடன் தனியாகப் பேசுவார். முதல் வருடம் குறைந்தது 6 கிழமைக்கு ஒருமுறை, பிறகு 12 கிழமைக்கு ஒருமுறை வருவார். பிள்ளையைப் பறிப்பது அவருடைய நோக்கமல்ல. பெற்றோரின் சட்ட உரிமையும் பொறுப்பும் பெற்றோரிடமே இருக்கும். எந்தப் படிவத்திலும் 'அங்கிள்', 'கசின்' என்று எழுதி விட்டுவிடாதீர்கள். வழியைச் சொல்லுங்கள்: 'பிள்ளையினுடைய தந்தையின் தந்தையும் எனது தந்தையும் உடன்பிறந்தவர்கள்' என்று. நீளமாக இருந்தாலும் அதுதான் உண்மை. ஒரு படிவத்தில் அங்கிள், இன்னொன்றில் கசின் என்று இருந்தால், நீங்கள் பொய் சொன்னதாக நாளை ஒரு அதிகாரி எண்ணக்கூடும். விசா விண்ணப்பங்களில் இது இன்னும் முக்கியம். அகதி அந்தஸ்துப் பெற்றவர் குடும்பத்தை அழைக்கும் வழியிலும் பல ஆண்டுகளாகக் 'குடும்பம்' என்றால் துணைவரும் 18 வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளைகளும் மட்டுமே. அந்த வழியில் புதிய விண்ணப்பங்கள் ஏற்பதையும் 2025 செப்டெம்பரில் அரசு நிறுத்தியது. செல் விழுந்து இறந்துபோன தங்கையின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்த பெரியம்மாவுக்கு அந்த வரையறையில் இடம் இருக்கவில்லை.

சட்டத்துக்கு ஒரு கணக்கு. வீட்டுக்கு இன்னொரு கணக்கு. முதலாவதைச் சரியாகச் செய்வோம், இரண்டாவதை விட்டுவிடாதிருப்போம். இங்கு வளரும் எமது பிள்ளைகள் அயல் வீட்டுக்காரரையும் அங்கிள் என்கிறார்கள், சொந்த மாமாவையும் அங்கிள் என்கிறார்கள். போவது ஒரு சொல் மட்டுமல்ல. மாமா என்றால் மருமகளின் சடங்குக்கு முன்னுக்கு நிற்க வேண்டியவர். அண்ணன் என்றால் தங்கைக்காகக் கேட்க வேண்டியவர். கடமை அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது. அங்கிளுக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பிள்ளைகளுடன் இருங்கள். நடுவில் பிள்ளையின் பெயர். சுற்றிவர எல்லோருடைய பெயரும் முறையும். தெரியாததை ஊருக்குத் தொலைபேசி எடுத்து அம்மம்மாவிடம் கேளுங்கள். இறந்தவர்களையும் காணாமற் போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். அந்தத் தாள் பிள்ளைக்கும் உதவும், நாளை ஒரு படிவத்துக்கும் உதவும்.

எமது நண்பர் மறுநாளே கவுன்சிலுக்கு அறிவித்தார். சமூக சேவையாளர் வந்து போகிறார். கோப்பில் அந்த நீண்ட உறவு சரியாக எழுதப்பட்டிருக்கிறது. பையன் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறான்.