குறைப்பும் காப்பியும்

நம் இலக்கிய நண்பர்களிடையே ஜாஸ் கேட்பவர்கள் பெருகிவருகிறார்கள். நல்ல விஷயம்தான். நால்வர் குழு ஒன்றின் மேடை நிகழ்ச்சியைப் பற்றி அவர்கள் எழுதும்போது திரும்பத் திரும்ப ஒன்றையே வியக்கிறார்கள். நால்வரும் ஒருவரையொருவர் கேட்டபடி வாசிக்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் நுழைகிறார். தாளக்காரர் வெறும் காலக்கணக்கராக இல்லாமல் உரையாடலில் பங்கெடுக்கிறார். இந்த வியப்பில் எனக்கு மறுப்பேதும் இல்லை. ஆனால் இதே நண்பர்களைக் கர்நாடக இசைக் கச்சேரிகளிலும் பார்க்கிறேன். பாடகர் கையால் சைகை காட்டித் தனி ஆவர்த்தனத்துக்கு வழிவிட்டதும் முதல் ஆளாக எழுந்து காப்பி குடிக்கப் போகிறவர்கள் பல சமயம் இவர்களே. கடல் கடந்து போய் இவர்கள் தேடும் பொருள் அந்த நேரத்தில்தான் இவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது.

சற்று விளக்கமாகவே சொல்கிறேன். ஜாஸ் ரசிகர்கள் சான்றாகக் காட்டும் குழுக்களில் முதன்மையானது ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழு. கோல்ட்ரேன் சாக்ஸஃபோன், மெக்காய் டைனர் பியானோ, ஜிம்மி கேரிசன் டபுள் பேஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். 1962 முதல் 1965 வரை இவர்கள் சேர்ந்து வாசித்தார்கள். 1964 டிசம்பர் 9 அன்று ‘எ லவ் சுப்ரீம்’ இசைத்தட்டை ஒரே அமர்வில் வாசித்து முடித்தார்கள். ஜாஸில் சுரக்கூட்டுகளின் வரிசை ஒன்று 12 அளவுக்கோ 32 அளவுக்கோ ஒருமுறை சுற்றி வந்துகொண்டே இருக்கும், நம் ஆவர்த்தனம் சுற்றி வருவதைப் போல. அந்தச் சுற்றுக்குள் எதை வாசிப்பது என்பது அப்போதைக்கப்போது தீர்மானமாகிறது. கோல்ட்ரேனின் வாசிப்பு உச்சத்துக்குப் போகும்போது டைனர் பியானோவிலிருந்து கையை எடுத்துவிடுவார். சாக்ஸஃபோனும் டிரம்ஸும் மட்டும் நேருக்கு நேர் நிற்கும். கையை எடுத்தவரையும் கேட்டுக்கொண்டிருப்பவனே நல்ல ஜாஸ் ரசிகன். அவனிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் மேடையிலும் கை எடுக்கும் கலை உண்டு. கீர்த்தனை தொடங்கும்போது கடக்காரர் பெரும்பாலும் சும்மா இருப்பார். மிருதங்கக்காரர் ஒரு பார்வையால், தலையசைப்பால் அழைத்த பிறகே நுழைவார். எந்த இடத்தில் அழைக்கிறார், நுழைந்ததும் பாட்டின் கனம் எப்படி மாறுகிறது என்று கவனிக்கிறவர்கள் எத்தனை பேர்?

தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆதி தாளத்தில் மிருதங்கக்காரர் இரண்டு ஆவர்த்தனம், அதாவது 16 எண்ணிக்கை வாசித்து விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடக்காரரும் அதே அளவுக்கு மறுமொழி சொல்ல வேண்டும். பிறகு ஒரு ஆவர்த்தனம், பிறகு அரை, பிறகு கால் என்று அளவு சுருங்கிக்கொண்டே போகும். யோசிக்கக் கிடைக்கும் நேரமும் அத்துடன் சுருங்குகிறது. கடைசியில் கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று உரசும் நெருக்கத்துக்கு வந்து, இருவரும் சேர்ந்துவிடுவார்கள். அங்கிருந்து மோரா, கோர்வை. கோர்வை முடியும் இடத்தில் பாடகர் பாட்டின் எடுப்பைச் சரியாகப் பிடிக்கிறார். ஜாஸில் எட்டெட்டு அளவாக, நாலுநாலு அளவாக மாறி மாறி வாசிப்பது இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் ஆதி தாளத்துக்குள் மூன்றையும் ஐந்தையும் ஏழையும் மடக்கி வைத்து, சமத்திலோ எடுப்பிலோ பிசகாமல் கொண்டுவந்து சேர்க்கும் கணக்கு நம்முடையது. இதைக் கேட்காமல்தான் எழுந்து போகிறோம்.

இரண்டு உலகங்களும் ஒரே மேடையில் சந்தித்த வரலாறும் உண்டு. 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவில் லாங் ஐலண்டில் உள்ள சவுத் ஹாம்ப்டன் கல்லூரியில் சக்தி குழுவின் நிகழ்ச்சி ஒலிப்பதிவானது; மறு ஆண்டு இசைத்தட்டாக வந்தது. கிதாரில் ஜான் மெக்லாக்லின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விநாயக்ராம். அன்றைய மேடையில் ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் இருந்தது. அதன் பின் குழு நால்வர் குழுவாகவே அறியப்பட்டது. மெக்லாக்லின் அதற்கு முன் நடத்திய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா மின்கருவிகளின் பேரிரைச்சல் கொண்ட குழு. அவர் இப்போது தரையில் சம்மணமிட்டு, கமகம் பிடிப்பதற்காக மெட்டுகளுக்கு இடையே குழிவாகச் செதுக்கப்பட்ட கிதாரை எடுத்துக்கொண்டார். சங்கரின் வயலினும் அந்தக் கிதாரும் மாறி மாறி, சுருங்கிச் சுருங்கி ஓடும் இடங்களைக் கேட்டால் அது குறைப்பேதான் என்பது நம்மவர்களுக்கு உடனே விளங்க வேண்டும். அது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு முதலில் விளங்கியது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பவர் விநாயக்ராம். நம் மேடையில் கடம் உபபக்கவாத்தியம். பக்கவாத்தியத்துக்கும் பக்கத்தில் இருப்பது. மிருதங்கம் விட்டுக்கொடுக்கும் அளவுக்குத்தான் அதற்கு இடம். சக்தி குழுவில் நிலையாக மிருதங்கம் இல்லை. ஆகவே கடம் தபலாவின் நேரெதிரே உட்கார்ந்தது. அதே மண் பானை, அதே கைகள். பானையின் வாயை வயிற்றோடு அணைத்து நெகிழ்த்தி நாதத்தை ஏற்றியிறக்கும் அதே வித்தை. உட்காரும் இடம் மாறியது. உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1992இல் ‘பிளானட் டிரம்’ இசைத்தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தபோது அக்குழுவில் ஜாகிர் உசேனுடன் அவரும் இருந்தார். சக்தி என்ற பெயரிலேயே மீண்டும் கூடிய குழுவின் ‘திஸ் மொமென்ட்’ 2024இல் கிராமி பெற்றபோது அவருடைய மகன் செல்வகணேஷ் இருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். நம் இதழ்களில் வெளியான அஞ்சலிகளில் நான் படித்தவரை தபலாவின் வேகத்தைப் பற்றித்தான் நிறைய இருந்தது; எதிரே இருப்பவரை அவர் எப்படிக் கேட்டார் என்பதைப் பற்றி மிகக் குறைவு.

ஒரு மறுப்பு வரும். கர்நாடக இசை வாய்ப்பாட்டை மையமாகக் கொண்டது, சாகித்தியம் இங்கே தலைமை, அதற்குப் பக்கபலமாக அடங்கி நிற்பதே மற்றவர்களின் தர்மம் என்பார்கள். ஜாஸிலும் தலைவர் உண்டு. கோல்ட்ரேன் குழு கோல்ட்ரேன் பெயரில்தான் இருந்தது. சக்தியின் முதல் இசைத்தட்டிலும் மெக்லாக்லின் பெயர் மட்டும் தனியாகத் தலைப்பில் நின்றது. யார் பெயர் பெரிதாக அச்சாகிறது என்பதல்ல என் வாதம். அடங்கி நிற்பது ஒரு கலை என்றால் அந்தக் கலையை ரசிக்க வேண்டாமா? அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குப் பாலக்காடு மணி ஐயர் வாசித்த ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். பாட்டின் அடிகளுக்கு ஏற்பச் சொற்கள் குறைகின்றன, நிறைகின்றன. சில இடங்களில் மணி ஐயர் அடிக்காமல் விடும் ஒரு தட்டில்தான் பாட்டு நிமிர்கிறது.

எங்கள் துறை சார்ந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவி மேடையேறி ஆடுவதற்கு முன்பே ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று அறுவரின் தகுதிகளையும் தனித்தனியே விரித்துரைக்கிறார். தண்ணுமையாசிரியனுக்கு அவர் வகுக்கும் இலக்கணம் அற்புதமானது. அவன் யாழையும் குழலையும் மிடற்றுப் பாடலையும் கேட்டு, அவற்றோடு இசைந்து, நிரப்ப வேண்டிய இடத்தில் நிரப்பி, அடக்க வேண்டிய இடத்தில் அடக்கி, அளவு மீறாமல் விரலைச் செலுத்தத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். பின்பு அரங்கில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும், முழவோடு கூடி ஆமந்திரிகையும் ஒன்றையொன்று தொடர்ந்து நிற்பதாகச் சொல்கிறார். ஒரு குழு தனக்குள் எப்படிக் கேட்டுக்கொள்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இடம் வேறு எங்கும் என் படிப்பில் எதிர்ப்பட்டதில்லை. வகுப்பில் இது இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிக் கிடக்கிறது: ஐந்து கருவிகளின் பெயர்களை வரிசையாக எழுதுக.

சபாவுக்கு வெளியே நிலைமை இவ்வளவு மோசமில்லை. பெரிய மேளத்தில் இரண்டு நாகசுரம், இரண்டு தவில். அதுவும் ஒரு நால்வர் குழுதான். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலுக்காகவே கூட்டம் கூடிய காலம் உண்டு. ஸ்பெஷல் தவில் என்று தனியாகவே ஏற்பாடு செய்தார்கள். ஈழத்தின் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கடலின் இரு கரையிலும் கொண்டாடினார்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் பாலையாவின் தவில்காரர் நாயகனுக்குக் குறையாமல் மனத்தில் நிற்பதற்கும் இந்த ரசனை மரபு ஒரு காரணம். எங்கள் வாழப்பாடிப் பக்கம் ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் பம்பைக்காரர்கள் இருவர் எதிரெதிரே நின்று அடிப்பதைச் சுற்றி நிற்கிற கூட்டம் பாதியில் கலைந்து போய்ப் பார்த்ததில்லை. ஒருவர் ஏற்ற, மற்றவர் அதை எப்படி வாங்குகிறார் என்று உற்றுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இசை விமரிசனம் எழுதத் தெரியாது, அவ்வளவுதான்.

சபா ரசிகர்கள் கவனிக்காததால் நேர்வது காப்பிக் கடைக் கூட்டம் மட்டுமல்ல. மேடையில் நிகழும் அநியாயங்களும் கண்ணில் படாமல் போகின்றன. விநாயக்ராமிடம் கற்ற சுகன்யா ராம்கோபால் கடம் வாசித்த முதல் பெண்மணிகளில் ஒருவர். பெண் கடம் வாசித்தால் உடன் வாசிக்க மாட்டேன் என்று மிருதங்க வித்துவான்கள் மறுத்ததை அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். ஒருவரையொருவர் கேட்பதுதான் இக்கலையின் உயிர் என்றால், கேட்கவே மாட்டேன் என்று ஒருவர் சொல்வது கலையை மறுப்பதுதான். அப்போது சபையில் இருந்து யாராவது ஏன் என்று கேட்டார்களா? தனி ஆவர்த்தனத்தில் யார் இருந்தார், யார் இல்லை என்பதையே பார்க்காதவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

சபா நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ராகத்தின் பெயரை அறிவிப்பது போலவே தனி ஆவர்த்தனத்துக்கு முன் தாளத்தையும் எடுப்பையும் ஒரு வாக்கியத்தில் அறிவியுங்கள். கை போட்டுத் தொடர்வதற்குப் பலருக்கு அதுவே போதும். சிறு ஊர்களில் செலவைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் கடத்தையும் கஞ்சிராவையும் வெட்டும் வழக்கத்தையும் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யலாம். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் குறைப்பு யாரோடு? ஜாஸ் நண்பர்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது. அடுத்த கச்சேரியில் பதினைந்து நிமிடம் இருக்கையில் இருங்கள். மிருதங்கக்காரரைப் பார்க்க வேண்டாம். அவர் வாசிக்கும்போது கடக்காரரின் முகத்தைப் பாருங்கள்.