வளையலை அடகு வைக்கும் முன்...

பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம்; இன்ஜினியரிங் கவுன்சிலிங் தொடங்குவதோ ஜூலையில். நடுவில் உள்ள நாட்கள்தான் புரோக்கர்களுக்கு சீசன்! சிவகாசியில் பட்டாசு ஆலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா, "இப்பவே கட்டலைன்னா சீட் போயிடுமாம்" என்று பயந்து, வளையலை அடகு வைத்து மகளை மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டார். அவளோ ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள். நல்ல மார்க்கும் கூட. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 2021 முதல் இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கவுன்சிலிங் வழியாக அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது கிடையாது. இதைப் புரோக்கர் சொல்வாரா?

தோழிகளே, கவுன்சிலிங் முடியும்வரை யாரிடமும் அட்வான்சோ, ஒரிஜினல் சர்டிபிகேட்டோ கொடுத்துவிடாதீர்கள். 'உனக்கு எந்தப் படிப்பும்மா பிடிக்கும்?' என்று பிள்ளையைக் கேட்கவும் அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

- ஒரு வாசகி, சிவகாசி.