முயற்சியின் பங்கு

நாம் எழுந்து நாலடி நடப்பதற்குள் சரீரத்தில் நிகழ்ந்துவிடும் காரியங்கள் அநேகம். மூளையிலிருந்து புறப்படும் ஆக்ஞை தண்டுவடத்தின் வழியே இறங்கி, கால்களை ஆளும் நரம்புக் கூட்டத்தை அடைகிறது. எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும், எது எப்போது தளர வேண்டும் என்ற நுட்பமான ஏற்பாட்டைப் பெரும்பாலும் அந்தக் கூட்டமே கவனித்துக்கொள்கிறது. 1911-ஆம் ஆண்டிலேயே கிரஹாம் பிரவுன் என்ற விஞ்ஞானி பூனைகளிடம் இதைக் கண்டறிந்தார். விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர்களில் பலருக்குச் சேதமாவது ஆக்ஞை வரும் வழிதான். கீழே உள்ள நரம்புக் கூட்டம் உயிரோடு, ஆனால் ஏவுவாரின்றிக் கிடக்கிறது.

அப்படிக் கிடக்கும் கூட்டத்தை மீண்டும் எழுப்ப, கிரெகுவார் கூர்த்தீன் என்ற விஞ்ஞானியின் தலைமையில் நடந்து, 2012-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான எலிப் பரிசோதனை என் மனத்தை விட்டு அகலுவதேயில்லை. மூளையிலிருந்து கால்களுக்கு நேராகச் செல்லும் நரம்பிழைகள் அறுபட்ட எலிகளுக்கு மருந்தும் மின் தூண்டலும் கொடுத்து, ஒரு பிரிவை ஓடும் பட்டையின் மேல் மட்டும் பழக்கினார்கள். பட்டை நகர நகர, பின்னங்கால்கள் தாமாகவே அடி வைத்தன. மற்றொரு பிரிவையோ கச்சையில் கட்டித் தரையில் நிறுத்தி, எதிரே சாக்லேட்டைக் காட்டினார்கள். கச்சையைப் பிடித்திருந்த ரோபோ அந்த எலிகளை விழாமல் தாங்கிற்றே தவிர, ஓரங்குலமும் முன்னே தள்ளவில்லை. தின்பண்டம் வேண்டுமானால் எலியேதான் முயன்று செல்ல வேண்டும். வாரக்கணக்கான பிரயாசைக்குப் பின் அவை தூண்டலின் துணையோடு தம் இச்சைப்படி நடந்தன, படியும் ஏறின. பட்டையில் மட்டும் பழகியவற்றுக்கு அந்தச் சுவாதீனம் கிட்டவில்லை. முயன்றவற்றின் உடலில், காயத்தைச் சுற்றிக்கொண்டு புதிய நரம்பிழைகள் கிளைத்திருந்தன.

ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரில், கூர்த்தீனும் அறுவை நிபுணர் ஜோஸ்லின் பிளாக்கும் மனிதர்களிடம் கண்டதும் முயற்சியின் இந்தப் பங்கையே வலியுறுத்துகிறது. இடைவிடாது மின்சாரம் பாய்ச்சினால், கால் எந்த நிலையில் இருக்கிறதென்று மூளைக்குச் செல்லும் செய்தி அமுங்கிப்போகிறது; ஆகவே ஒவ்வோர் அடியிலும் உரிய தசைக்கு உரிய கணத்தில் மட்டும் தூண்டல் சேரும்படி அமைத்தார்கள். காயமுற்று நான்கு ஆண்டுகளுக்கு மேலான மூவர், உடற்பாரத்தை ரோபோ தாங்க, ஒரு வாரத்துக்குள் அடியெடுத்து வைத்த செய்தி 2018-இல் வெளியாயிற்று. சில மாதப் பயிற்சிக்குப் பின், தூண்டலை நிறுத்திய வேளையிலும், அதுவரை மரத்துக் கிடந்த தசைகள் சில அவர்கள் சித்தத்துக்கு இணங்கின.

இதைப் பூரண நிவாரணமென்று எவரும் எண்ணிவிடலாகாது. ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் இன்னும் வேண்டியிருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் கிட்டுவதுமில்லை. ஆயினும், நோயாளியைக் கிடத்தி வைத்துச் செய்வதே சிகிச்சை என்னும் பழைய எண்ணத்தை இந்த ஆராய்ச்சி தகர்த்திருக்கிறது என்பது என் திடமான நம்பிக்கை. விலையுயர்ந்த யந்திரங்களை வாங்கும் ஆஸ்பத்திரிகள், நோயாளியின் அருகே நின்று, 'இன்னும் ஓர் அடி, நீங்களே வையுங்கள்' என்று அலுக்காமல் சொல்லும் பயிற்சியாளருக்கும் அதே அளவு மதிப்பும் ஊதியமும் தர வேண்டும்; ஏனெனில் யந்திரம் தாங்கும், மின்சாரம் தூண்டும், நடக்க வேண்டியவர் மனிதரே.