அட்டையில் மட்டுமா தலைமை?



மாணவர்களின் தலைமைப் பண்பு குறித்த தங்கள் இதழில் வந்த கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். பொறுப்பு கிடைத்தாலே தலைமை வந்துவிடாது. இதை எனக்கு உணர்த்தியது நாட்டு நலப்பணித் திட்டம். 1969-இல் தொடங்கிய அதில் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும், 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. அப்படியொரு முகாமில் நான் குழுத் தலைவர். கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் வெட்டியபோது, அதிகம் பேசாத ஒரு மாணவர்தான் அரிவாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். களைத்தவர்களை நிழலுக்கு அனுப்பி, ஆள் மாற்றி விட்டு வேலையை முடித்தார். தலைவர் என்ற அட்டை மட்டும் என் சட்டையில்!

திட்டச் சான்றிதழில் இத்தகைய தலைமைக்கு இடமில்லை. எனவே முகாமின் கடைசி நாளில், நான் எடுத்த முடிவு எது, யார் யோசனையை ஏற்றேன், யாருக்குத் தோள்கொடுத்தேன் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதிக் குழுவின் முன் வாசிக்கச் செய்யலாம். திட்ட அலுவலர்கள் பரிசீலிப்பார்களா?

– கல்லூரி மாணவர், சிவகங்கை.