கதவைப் பிடிக்க ஒரு சிநேகிதி

"அதுதான் வவுச்சர் வந்துட்டுதே, இன்னும் என்ன குறை?" என்று கேட்கிறார்கள். 2024இல் எட்டு லட்சம் பாடசாலை மாணவிகளுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் பெறுமதியில் மாதவிடாய் பேட் வாங்க வவுச்சர் என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. அதைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். 2019 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் சஜித் பிரேமதாச இலவச பேட் என்று வாக்குக் கொடுத்தபோது 'பேட்மேன்' என்று கேலி பண்ணிய நாடு இது. 2018 செப்டம்பர் வரை இறக்குமதி பேட்டுக்குப் போட்டிருந்த வரிகளைக் கூட்டினால் 101.2 சதவீதம், சாமானைவிட வரி பெரிசு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவளின் நாட்சம்பளமோ 2021இல்தான் 1,000 ரூபாயை எட்டிப் பார்த்தது.

சரி, பேட் கைக்கு வந்துவிட்டது. அதை எங்கே வைத்து மாற்றுவது?

ஹட்டன் பக்கத்தில் என் மகள் படிக்கிற பாடசாலையில் பொம்பளப் பிள்ளைகளின் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் சிநேகிதி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குழாயில் தண்ணீர் வராது. பீலியிலிருந்து பெயின்ட் வாளியில் தூக்கி வர வேண்டும், அதுவும் பையன்கள் பார்க்க. மாற்றிய பேட்டைப் போட மூடியுள்ள குப்பை வாளி கிடையாது. கொப்பித் தாளைக் கிழித்துச் சுற்றி, ஷொப்பிங் பையில் முடிந்து, சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். இரண்டாம் நாள் போகவே மாட்டேன் என்கிறாள். லீவுக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

துணி பாவிக்கலாமே என்கிற பெரியவர்கள் ஆடி மாதத்தில் எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்து பார்க்கட்டும். மழையும் பனியுமாய் நாட்கணக்கில் வெயில் முகம் காட்டாது. இருக்கிற ஒரு காம்பராவில் அப்பாவும் தம்பியும் கண்ணில் படாமல், பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்ட துணி எப்படிக் காயும்? ஈரத்தோடுதான் கட்ட வேண்டும்.

'சுகாதாரமும் உடற்கல்வியும்' புத்தகத்தில் பாடம் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்ததும் டீச்சர், "இத வீட்டுல வாசிச்சுக்குங்க" என்று தாண்டிப் போய்விட்டாராம். வீட்டில் எங்கே? அந்தக் காம்பராவில்தானே! பிள்ளை பெரிய மனுஷியானதும் நகையை அடகு வைத்து, ஸ்பீக்கர் கட்டி, டிவிசனுக்கே சாப்பாடு போடுகிறோம். அடுத்த மாதம் அதே பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தால், "சத்தம் போடாதடி, அப்பா இருக்காரு" என்கிறோம். நானும்தான் சொல்கிறேன்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கக்கூஸ் விஷயத்தைக் கேட்டேன். ஆம்பிளைகள் எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்து போனில் ஏதோ வேலை வந்துவிட்டது. "இதெல்லாம் லேடீஸ் டீச்சர்மார்கிட்ட தனியா பேசுங்க அக்கா" என்றார் ஒருவர். அடுத்ததாக கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற விஷயம். என்ன நிறம் என்பதில் அரைமணி நேரம் சண்டை.

தாழ்ப்பாளை நானே வாங்கி வருகிறேன், எங்கள் வீட்டுக்காரர் பூட்டித் தருவார் என்றேன். பாடசாலைச் சொத்தில் வெளியாள் கை வைக்கக் கூடாதாம், கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அது வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கிறதாம்.