தம்பி தங்கைக்கு எந்தப் புத்தகம்?



நீங்கள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றீர்கள். உங்களுள் பலரது வீட்டில் ஆரம்ப வகுப்பில் படிக்கும் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். அந்தப் பிள்ளை எதை வாசிக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பல வீடுகளில் பாடநூலை விட்டால் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் தொகுதிதான் காணப்படும். தரம் 5 இல் நடைபெறும் பரீட்சைக்குத் தரம் 3 இலேயே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. "பிள்ளை எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கிறது" என்று பெற்றோரும் மகிழ்கின்றனர்.

பரீட்சைக் கையேட்டில் எழுதும் நானே இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். வினாத்தாள் செய்வது பயிற்சி. அது வாசிப்பு ஆகாது. விடையைத் தேடிப் பந்தியைப் பார்க்கும் பிள்ளை, விடை கிடைத்ததும் வாசிப்பை நிறுத்திவிடும். நல்ல கதைப் புத்தகமோ "அடுத்து என்ன நடக்கும்?" என்று பக்கத்தைப் புரட்ட வைக்கும். அந்த ஆவல் சிறு வயதில் ஏற்படாவிட்டால், பின்னர் வரலாற்றுப் பாடநூலின் நீண்ட பந்திகள் மலையாகத் தோன்றும். இதன் உண்மையை உங்களிற் சிலர் இப்போது அனுபவித்துக்கொண்டிருப்பீர்கள்.

எனவே சிறுவருக்குக் கதை நூல்கள் அவசியம். ஆனால் அட்டையில் வண்ணப்படம் இருப்பதால் மட்டும் ஒரு நூல் நல்ல நூலாகிவிடாது. தெரிவு செய்யும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. பிள்ளையின் தரத்துக்குப் பொருந்துகிறதா?
நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் அந்நூல் தனியே வாசிக்கக் கடினமானது. அதனை நீங்கள் வாசித்துக் காட்டலாம்.

2. மொழி சுத்தமாக உள்ளதா?
மலிவாக அச்சிட்ட நூல்கள் சிலவற்றில் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் குழம்பிக் கிடக்கும். அச்சில் உள்ளதெல்லாம் சரி என்றே பிள்ளை நம்பும். முதல் இரண்டு பக்கங்களைப் பார்த்தாலே இதனைக் கண்டுகொள்ளலாம். வாய்விட்டு வாசிக்கும்போது ஓசை இனிமையாக இருக்க வேண்டும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953 இல் மறைந்தார். அவரது "ஆடிப்பிறப்பு", "கத்தரி வெருளி" பாடல்கள் இன்றும் சிறுவர் வாயில் நிலைப்பதற்கு ஓசையும், கூழ், கொழுக்கட்டை, தோட்டம் என நம் வீட்டுப் பொருள்களுமே காரணம்.

3. கதை பிள்ளையைச் சிந்திக்க வைக்கிறதா?
கடைசி வரியில் அறிவுரை சொல்வதற்காகவே எழுதப்பட்ட கதைகள் பிள்ளைக்கு விரைவில் சலித்துவிடும். சிபில் வெத்தசிங்க 1956 இல் சிங்களத்தில் எழுதிப் படமும் வரைந்த "குட ஹொரா" என்ற கதையைப் பாருங்கள். குடையையே கண்டிராத ஊரைச் சேர்ந்த ஒருவர் பட்டணத்தில் குடை வாங்குகிறார். வாங்கும் குடைகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போகின்றன. திருடன் யார்? அதனை இங்கே சொல்லிவிட்டால் வாசிப்பின் இன்பம் போய்விடும். அத்தகைய ஒரு கேள்வியே பிள்ளையைக் கடைசிப் பக்கம் வரை அழைத்துச் செல்கிறது.

4. யாரையேனும் இழிவுபடுத்துகிறதா?
கறுப்பு நிறத்தவர் கெட்டவர், ஊனமுற்றவர் கேலிக்குரியவர், பெண் பிள்ளைக்குச் சமையலறையே இடம் என்று காட்டும் கதைகள் உண்டு. இவை பிஞ்சு மனத்தில் சத்தமின்றிப் பதிந்துவிடும். ஆகவே கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். பத்து நிமிடம் போதும்.

"புத்தகம் வாங்கப் பணம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அருகிலுள்ள பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களை இலவசமாக வாசிக்கலாம். வகுப்பு நண்பர்கள் ஆளுக்கொரு நூல் வாங்கி மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இறுதியாக ஒன்று. இவ்வாறு மூன்று நூல்களைத் தெரிந்தெடுத்துப் பிள்ளையின் முன் வையுங்கள். அவற்றுள் எதை வாசிப்பது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். வாசித்து முடித்ததும் "இக்கதையின் படிப்பினை யாது?" என்று வினாத்தாள் நீட்டாதீர்கள். பிள்ளை தானாகச் சொல்வதைக் கேளுங்கள்.

வேலைப்பளு மிகுந்த பெற்றோருக்கு இதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. வீட்டில் வாசிக்கத் தெரிந்த மூத்த பிள்ளை நீங்கள். படிப்புக்கு இடையே ஓய்வெடுக்கும் கால் மணி நேரத்தைத் தம்பி தங்கைக்குக் கொடுங்கள். உங்கள் பரீட்சை டிசம்பரிலோ வேறொரு மாதத்திலோ முடிந்துவிடும். நீங்கள் பழக்கிவிட்ட வாசிப்போ அப்பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் தொடரும்.